ஒரு விரக்கடை தண்ணி

இதுல உக்காரலாமா டாக்டரம்மா? மத்த எடமெல்லாம் ஈரமா கீது. பல்லு பாக்குற நாற்காலின்னு தெரியும்மா. நான் வாயத் தொறந்தா நீங்க மூட வெக்க முடியாது, அது வேற விஷயம். ஐய, இன்னாது இது, பின்னாடி சாயுது? எத்த அமுக்குனேன்? சரி வுடுங்க, இருக்கட்டும். மல்லாக்க படுத்தாத்தான் கூரை நல்லா தெரியுது. எங்க தொழிலுக்கு இந்த நாற்காலி சூப்பரும்மா.

ஆமா, சொட்டுது. நான் இல்லன்னு சொல்லலையே. தோ, டொக்கு டொக்குன்னு பக்கெட்ல வுழறது எனக்கும் கேக்குது. மேல தண்ணித் தொட்டிக்கு உள்பூச்சு பூசனதும் நான்தான். ஆறு மாசம் ஆவுது. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சிக்கக் கூடாது. ஏகாம்பரம் பூசன பூச்சுல ஊசி எறங்காது. அப்பறம் ஏன் சொட்டுதுன்னா, அது பிளம்பர். தொட்டிக்கு பைப்பு சொருக ஓட்ட போட்டான் பாருங்க, அவன். அவனக் கூப்ட்டு கேட்டீங்களா? கேக்க மாட்டீங்க. ஊருக்கு இளைச்சவன் புள்ளையார் கோயில் ஆண்டி. போன் என்கிட்டத்தான் வரும்.

முப்பது வருஷமா இதே வேலைம்மா. மொட்ட மாடி, பாத்ரூம், தொட்டி, லிஃப்ட் குழி, தண்ணி எங்கெல்லாம் நிக்குதோ அங்கெல்லாம் நான். என் வேல ஒழுகுனதா சரித்திரமே இல்ல. அயனாவரத்துல ஒரு கல்யாண மண்டபம் ஒழுகுச்சு. அது ஆலஞ்செடி. கெல்லீஸ்ல ஒரு ஓட்டல் ஒழுகுச்சு. அது மாவு அரைக்கிற மெஷின மாடில தரதரன்னு இழுத்துக்கினு போனாங்க. செம்பியத்துல ஒரு துணிக்கடை. அது மழ. அந்த வருஷம் பேஞ்ச மழைக்கு ஆகாசமே ஒழுகுச்சு, என்ன மட்டும் புடிச்சா எப்படி?

சிரிக்காதீங்கம்மா. காபி சொல்றீங்களா? சக்கரை கம்மியா போதும், பல்லு டாக்டர்கிட்ட சக்கரை கேக்கக் கூடாது.

தண்ணி கொறஞ்சா ஒழுகுதுன்னு அர்த்தம் இல்ல. இத்த நான் சும்மா சொல்லல. இந்த ஒரு விஷயத்துல என் பேரே போச்சு. சொல்றேன், கேளுங்க. உங்களுக்கு நாலரைக்குத்தான பேஷன்ட்டு? டைம் கீது.

நாலு வருஷத்துக்கு முந்தி. புரசைவாக்கத்துல மெயின் ரோட்டு மேல ஒரு பழைய லாட்ஜு. அத்த இடிக்காம, தூணையும் தளத்தையும் மட்டும் வெச்சிக்கினு, உள்ள இருக்கறதெல்லாம் வழிச்சிப் போட்டு காம்ப்ளெக்ஸா மாத்துனாங்க. கீழ துணிக்கடை, நடுவுல ஆபீஸு, மூணாவது மாடில கம்ப்யூட்டர் கம்பெனி, மொட்ட மாடில செடியெல்லாம் வெச்சி ஓட்டல். லாட்ஜுல முப்பது ரூமு, முப்பது கக்கூஸு. இடிக்க இடிக்க இன்னா இன்னா வந்துதுன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன், நீங்க டாக்டரு, நானே வெக்கப்படறேன்.

மொட்ட மாடி வேல எனக்கு. அங்க சிபிச்சக்கரவர்த்தின்னு ஒரு இன்ஜினியரு. சின்ன வயசு, பெரிய பேரு. நாங்க சிபி சார்னு கூப்புடுவோம். நல்ல மனுஷன், ஆனா எதுக்கெடுத்தாலும் டெஸ்ட்டு. சிமென்ட்டுக்கு டெஸ்ட்டு, மணலுக்கு டெஸ்ட்டு, ஒரு நாள் டீக்கடைக்காரன் பாலக் கூட மொறச்சிப் பாத்தாரு. அவரு சொன்னாரு, "மேஸ்திரி, இந்த மாடி மட்டும் சொட்டு வுடாம நின்னுட்டா, ஓனரோட இன்னும் மூணு பில்டிங்கு கீது, மூணும் உங்களுக்குத்தான்." மூணு பில்டிங்கும்மா! அப்பல்லாம் நான் பாத்ரூம் பாத்ரூமா அலஞ்சிக்கினு இருந்தேன். மூணு பில்டிங்கு கெடச்சா ஏகாம்பரம் மேஸ்திரி இல்ல, கான்ட்ராக்டரு. கார்டு கூட அடிக்கலாம்னு மனசுல கணக்கு போட்டேன்.

எங்க வூடு அந்த பில்டிங்குக்கு நேர் பின்னாடி. ஹவுசிங் போர்டு. நடுவுல நாலடி சந்து. அதான் வசதி, மத்தியானம் வூட்டுக்குப் போயி சாப்ட்டு வருவேன். முப்பத்தாறு வூடு எங்க பிளாக்குல. எல்லாத்துக்கும் சேத்து ஒரே ஒரு அடிபம்பு. இந்த சைட்டுல போர் போட்டாங்க பாருங்க, முந்நூறு அடிக்கு கீழ, மறுவாரமே அந்த அடிபம்புல வெறும் காத்து. அடிச்சா மாடு இருமுற மாதிரி சத்தம். அதுக்கு நாங்க இன்னா பண்றது? பெரிய பில்டிங்குன்னா போர் போடத்தான் போடுவாங்க. அப்பறம் அந்த போரும் வத்திப் போச்சு, சைட்டுக்கு லாரில தண்ணி வந்துது. எங்க பிளாக்குக்கும் லாரி வந்துது. வாரத்துக்கு ரெண்டு வாட்டி, வந்தா வந்துது. ஏரியெல்லாம் வெடிச்சிக் கெடந்த வருஷம் அது, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

மாடிய சுரண்டி, கழுவி, கெமிக்கலு ரெண்டு கோட்டு அடிச்சி, மேல செங்கக் கல்லு ஜல்லி போட்டு கலவை பூசி முடிச்சேன். கண்ணாடி மாதிரி இருந்துது. அதுக்கப்பறம்தான் டெஸ்ட்டு. மழத்தண்ணி போற பைப்பு வாயெல்லாம் அடச்சிட்டு, மாடி பூரா தண்ணி தேக்கணும். கைப்பிடி செவுத்துல தண்ணி நிக்கற எடத்துல செவப்பு பெயின்ட்டுல ஒரு கோடு. மூணு நாளு. கோட்டுலயே நின்னா பாஸு. எறங்குனா ஃபெயிலு. உங்க பல்லு மாதிரிதாம்மா, உள்ள ஓட்ட இருந்தா வெளில தெரிஞ்சே தீரும்.

தண்ணி ரொப்புன மறுநாளே சகுனம் சரியில்ல. என் லெவல் டியூப்பு காணாம போச்சு. அதாம்மா, மட்டம் பாக்க வெச்சிருப்போமே, வெள்ளையா, உள்ள தண்ணி தெரியற மாதிரி நீள டியூப்பு. இந்த மொனையில தண்ணி எங்க நிக்குதோ, அந்த மொனையிலயும் அதே மட்டத்துல நிக்கும். நாப்பதடி டியூப்பு, பதினஞ்சு வருஷமா என் கையில கீது. ரெண்டு மொனையிலயும் மஞ்சத் துணி சுத்தி வெச்சிருப்பேன், அடையாளத்துக்கு. போச்சு.

சுக்தேவுன்னு ஒரு பீகார் ஆளு. கலவை போடறவன். அவன் மேல எனக்கு சந்தேகம். ஏன்னு கேட்டா, காரணம் ஒண்ணும் இல்ல, சந்தேகம். அவன் பையக் கொட்டிப் பாத்தேன். அவலு, ஒரு சீப்பு, ஒரு கொழந்த போட்டோ. "டியூப் நஹி அண்ணா, டியூப் நஹி"ன்னு, எடுக்கலன்னு கும்புட்டான். திருடன் எவன் ஆமான்னு சொல்லுவான்? வாட்ச்மேன்கிட்ட சொல்லி வெச்சேன், வெளில போற எல்லாப் பையையும் தொறந்து பாருன்னு. எல்லாப் பையையும் பாத்தான். எங்க வூட்டம்மா சோத்துக்கூடைய மட்டும் பாக்க மாட்டான். மேஸ்திரி பொண்டாட்டி கூடைல கை வெக்கிற தைரியம் அவனுக்கு வருமா?

ஆங், அத்த சொல்ல மறந்துட்டேன். எங்க வூட்டம்மா பேரு அம்சவேணி. டெஸ்ட்டுக்கு நாலு லாரி தண்ணி வந்து மாடில கொட்டுனப்ப, எங்க பிளாக்கு பொம்பளைங்க எல்லாம் பால்கனில நின்னு பாத்தாங்க. அன்னிக்கு சாயங்காலம் அம்சா ஒரு பிடி புடிச்சா. "ஏய்யா, மனுஷனுக்கு குடிக்க தண்ணி இல்ல, கட்டடத்த குளிப்பாட்டறீங்களா? இது உங்களுக்கே அடுக்குமா?"

"டெஸ்ட்டுமே. உனக்கு இன்னா தெரியும்"னேன்.

"மூணு நாளு கழிச்சி அந்தத் தண்ணிய இன்னா பண்ணுவீங்க?"

"அடப்ப எடுத்து வுட்டுடுவோம். சாக்கடைல போவும்."

அவ எழுந்து பால்கனிக்குப் போனா. அந்த மாடியவே பாத்துக்கினு இருந்தா. நான் நெனச்சேன், பதில் சொல்லி வாய அடச்சிட்டேன்னு.

ஆனா பாருங்க, மறுநாள்லேர்ந்து பொம்பள அடியோட மாறிட்டா. மத்தியானம் நானே வூட்டுக்குப் போற ஆளு. அன்னிக்கு பாத்தா கூடைய தூக்கிக்கினு நாலு மாடி ஏறி வந்து நிக்கிறா. "வெயில்ல நீ ஏன்யா அலையணும், நான் கொண்டாறேன்"னா. கருவாட்டுக் கொழம்பு. நான் சாப்புடற வரைக்கும் மாடிய சுத்தி சுத்திப் பாத்தா. தண்ணித் தொட்டி நிக்குது பாருங்க, அந்த மூலைக்கெல்லாம் போயி எட்டிப் பாத்தா. "இவ்ளோ பெரிய வேலையாய்யா பண்றே?"ன்னு கேட்டா. கல்யாணமாயி இருவத்திரெண்டு வருஷம் டாக்டரம்மா. என் வேலையப் பத்தி அவ கேட்டதே இல்ல. சத்தியமா சொல்றேன், எனக்கு சோறு எறங்கல.

ராத்திரி சாப்புடறப்பவும் அதே பேச்சு. "டெஸ்ட்டு எத்தினி நாளுய்யா? மூணே நாளா? மூணு நாள்ல இன்னா தெரிஞ்சிடும்? அவசரப்படாத, நல்லா நிறுத்தி வெச்சிப் பாரு. உன் பேரு கீது இதுல." பாருங்க, என் பேரப் பத்தி கவலைப்படறா! நான் சிபி சார்கிட்டயே சொன்னேன், எங்க வூட்ல கூட இதே நெனப்புதான் சார்னு.

அவ வந்துட்டுப் போன மறுநாளு காலைல மாடிக்குப் போனா, தண்ணி கோட்டுக்குக் கீழ ஒரு வெரலு அகலம் எறங்கி கீது. ஒரு விரக்கடை.

 ஓடுறேன் மூணாவது மாடிக்கு. தோ இப்ப படுத்துக்கினு கீறேனே, இதே மாதிரி தரைல மல்லாக்க படுத்து கூரைய பாக்கறேன். ஒரு சொட்டு இல்ல. ஈரக் கறை இல்ல. கையால தட்டிப் பாக்கறேன், செவுத்துல காத வெச்சிப் பாக்கறேன், நாக்கால கூட தொட்டுப் பாத்தேம்மா. எலும்பு மாதிரி காஞ்சி கெடக்கு. தண்ணி மேல கொறயுது, கீழ வரல. அப்ப நடுவுல எங்க போவுது? தளம் குடிக்குதா? பேயி குடிக்குதா?

அதுக்கு மறுநாளு இன்னும் ஒரு விரக்கடை.

"வெயிலு சார், வெயிலு குடிக்குது"ன்னேன். சிபி சார் அதுக்கும் ஒரு டெஸ்ட்டு வெச்சாரு. ஒரு பக்கெட்டுல தண்ணி ஊத்தி மாடிலயே வெச்சாரு. வெயிலு குடிச்சா பக்கெட்லயும் கொறயணும்ல? நல்ல ஐடியாதான். மறுநாளு போயிப் பாத்தா பக்கெட்டையே காணோம்.

வெயிலு தண்ணியக் குடிக்கும், பக்கெட்டையுமா குடிக்கும்? அதுவும் சுக்தேவுதான்னு சொன்னேன். ராவுல இந்தத் தண்ணில குளிக்கிறானுங்கன்னு சொன்னேன். சிபி சார் என்ன ஒரு மாதிரி பாத்தாரு. "மேஸ்திரி, பத்து பேரு குளிச்சா இவ்ளோ கொறயாது. எங்கயோ ஓட்ட கீது. ஒத்துக்கினு ஒடைங்க."

ஒடச்சேன். என் கையால போட்டத என் கையாலயே கொத்தி எடுத்தேன். அது எவ்ளோ பெரிய கொடுமைன்னு உங்களுக்குப் புரியும், நல்ல பல்லப் புடுங்கற மாதிரி. மறுபடி கெமிக்கலு, மறுபடி கலவை, மறுபடி லாரித் தண்ணி, மறுபடி கோடு. மறுபடி ஒரு விரக்கடை.

அந்தக் கோடைல பாருங்க டாக்டரம்மா, ஊரே தண்ணிக்கு அல்லாடுது. எங்க வூட்ல மட்டும் கஷ்டமே இல்ல. காலைல ஒரு பக்கெட்டு, சாயங்காலம் ஒரு பக்கெட்டு, குளிக்க எனக்கு வெச்சிருப்பா. மத்த வருஷமெல்லாம் கொடத்துக்காக லாரிகிட்ட ஒருத்தி முடிய ஒருத்தி புடிச்சிக்கினு கெடப்பாங்க. அந்த வருஷம் பிளாக்கே அமைதி. எதிர் வூட்டு ரெஜினா, அம்சாவோட ஆறு வருஷமா பேசாதவ, கேசரி கிண்டி அனுப்புறா. நான் அம்சாகிட்ட கேட்டேன், "எப்படிமே சமாளிக்கிறே?" "பொம்பளைங்க சமாளிச்சிப்போம், நீ உன் மாடியப் பாரு"ன்னா. பெருமையா இருந்துது. நம்ம வூட்டம்மா கெட்டிக்காரின்னு.

ரெண்டாம் வாட்டியும் ஒடச்சி, மூணாம் வாட்டி போட்டேன். வைகாசி கடைசில தொறப்பு விழா. பத்திரிகை அடிச்சாச்சு. சிபி சார் கூப்ட்டு கதவ சாத்திக்கினு சொன்னாரு, "இது கடைசி மேஸ்திரி. இதுவும் எறங்குனா ஒரு கெமிக்கல் கம்பெனி ரெடியா கீது, அவங்ககிட்ட கொடுத்துடுவேன். மூணு பில்டிங்கும் அவங்களுக்குத்தான். என்னால ஒண்ணும் பண்ண முடியாது." அவரு கண்ணு கலங்கலா இருந்துது. எனக்காக இல்ல, ஓனரு அவரத் திட்டியிருப்பாரு.

மூணாம் வாட்டி தண்ணி தேக்கி ரெண்டாம் நாளு. கோட்டுக்குக் கீழ அதே ஒரு விரக்கடை. இன்னும் ஒரு நாளு கீது. நான் முடிவு பண்ணேன், இன்னிக்கு எங்கயும் போறதில்ல, மாடிலயே உக்காந்து இந்தத் தண்ணிய கண்ணு கொட்டாம பாக்கறதுன்னு. அம்சா சோறு கொண்டாந்தா. "நீ எறங்கிப் போமே, நான் இங்கயே கீறேன்"ன்னேன். அவ மொகம் செத்துப் போச்சு. "வெயில்ல மயக்கம் வரும்யா. கீழ வா. சொன்னா கேளு." கையப் புடிச்சி இழுத்தா. பாசத்தப் பாருங்கன்னு நெனச்சேன். போகச் சொல்லி அனுப்பிட்டேன்.

மணி ஒண்ணரை இருக்கும். அக்கினி நட்சத்திரம். மாடி பூரா தண்ணி பளபளன்னு கண்ணு கூசுது. நெழலுன்னு பாத்தா தண்ணித் தொட்டி நிக்கற மூல மட்டும்தான். அங்க காலி சிமென்ட்டு சாக்கு, ஒடஞ்ச ஓடெல்லாம் போட்டு வெச்சிருந்துது. சாக்க தள்ளிட்டு உக்காரலாம்னு போனேன். தண்ணிக்குள்ள ஒரு செங்கல்லு கெடக்குது. எவன்டா இது, டெஸ்ட்டு நடக்கறப்ப கல்லப் போட்டு வெச்சவன்னு தூக்கனேன்.

கல்லுக்கு அடில மஞ்சத் துணி.

என் டியூப்பும்மா. என் டியூப்போட மொன. வெண்ணெயக் கையில வெச்சிக்கினு நெய்க்கு அலஞ்ச கதை. தொட்டுப் பாக்கறேன், உள்ள ஜில்லுன்னு ஓடுது. அப்படியே கண்ணால தொடர்ந்து போறேன். செவுத்துல ஏறுது, கைப்பிடி செவுத்தத் தாண்டுது, அந்தப் பக்கம் எறங்குது. முப்பது வருஷம் தண்ணி கீழதான் போவும்னு கீழயே பாத்துக்கினு இருந்தேன். அது மேல ஏறி செவுரு தாண்டிப் போவும்னு எந்த மடையனுக்குத் தோணும்? ஒரு மொனைய தண்ணில வுட்டு, இன்னொரு மொனைய வாயால ஒரு இழு இழுத்து தாழ்வா போட்டா, தண்ணி தானா வந்துக்கினே இருக்கும். இத்த அம்சாவுக்கு சொல்லிக் கொடுத்ததே நான்தான். வூட்ல டிரம்மு கழுவறதுக்கு.

எட்டிப் பாத்தேன்.

கீழ, ஒரு மாடி தாழ்வா, எங்க பிளாக்கோட மொட்ட மாடி. நீல டிரம்மு. அதுக்குள்ள என் டியூப்போட இன்னொரு மொன. டிரம்ம சுத்தி வரிசையா கொடம். பச்சை, செவப்பு, நீலம், எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணு, ஒரு சண்ட இல்ல, ஒரு சத்தம் இல்ல. பொம்பளைங்க குந்திக்கினு கீறாங்க. ரெஜினா மக, பத்து நாளுக் கொழந்தக்காரி, அவளுக்கு மட்டும் ஒரு ஸ்டூலு போட்டு உக்கார வெச்சிருந்தாங்க. எங்க வூட்டம்மா நடுவுல நிக்கிறா, கொழம்பு கரண்டியக் கையில வெச்சிக்கினு, போலீஸ்காரி மாதிரி. "நாலு கொடம் எடுத்தாச்சு, நகரு. அடுத்தது யாரு?"ன்னு. பக்கத்துல சிபி சாரோட பக்கெட்டு.

யாரோ மேல பாத்து கைய நீட்டுனாங்க. எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க. முப்பது மொகம். அம்சாவும் பாத்தா. டக்குன்னு குனிஞ்சி டியூப்ப ரெண்டா மடக்கிப் புடிச்சா. தண்ணி நின்னு போச்சு. 

 எனக்கு வாயே வரல. எனக்கு!

அவதான் மொதல்ல பேசனா. "சாப்ட்டியா?"ன்னு கேட்டா.

ஒரு மாடி மேல கீறவன்கிட்ட, பொண்டாட்டி, திருட்டுத் தண்ணிய மடக்கிப் புடிச்சிக்கினு கேக்கற கேள்வியா இது? எனக்கு கோவம் பொத்துக்கினு வந்துது. ரெண்டு வாட்டி ஒடச்சேனேம்மா! மூணு பில்டிங்கு! சுக்தேவ் பையக் கொட்டுனேன்! இழுத்து அறுத்துப் போட்டுடலாம்னு டியூப்பப் புடிச்சேன். புடிச்சா, அந்த மொனையிலயும் தண்ணி நிக்குது, இந்த மொனையிலயும் தண்ணி நிக்குது. அவ கையில ஒரு பக்கம், என் கையில ஒரு பக்கம். அந்தக் கொழந்தக்காரிப் பொண்ணு இன்னும் கொடத்த மடிலேர்ந்து எறக்கல. ரெண்டு மூணு பேரு வெறுங்கொடத்த பின்னாடி மறைக்கிறாங்க, கொடம் வெச்சிருந்தா குத்தம் மாதிரி. அவமானமா இருந்துது டாக்டரம்மா. அவங்களுக்கு இல்ல. எனக்கு. அடிபம்பு இருமுனப்ப நான் காதப் பொத்திக்கினு போனவன்தானே.

"சாப்ட்டேன்"னேன். கல்ல எடுத்து மறுபடி மஞ்சத் துணி மேல வெச்சேன். சாக்க இழுத்து நல்லா மூடனேன்.

கீழ எறங்கி வந்தா படிகிட்ட சிபி சாரு. "இன்னா மேஸ்திரி, மூஞ்சி இப்படி கீது? கண்டுபுடிச்சீங்களா?"

"கண்டுபுடிச்சேன் சார்."

"எங்க ஓட்ட?"

உண்மைய சொன்னா அந்த நிமிஷமே நான் பாஸு. என் வேல ஊசி எறங்காத வேலன்னு நிரூபணம். மூணு பில்டிங்கு, கார்டு, கான்ட்ராக்டரு, எல்லாம் நாக்கு நுனில கீது. துப்புனா போதும்.

"என் வேலதான் சார் சரியில்ல"ன்னேன். "கலவைல தப்பு பண்ணிட்டேன். கம்பெனிக்காரன வர சொல்லுங்க. ஆனா சார், ஒண்ணு. அவன் போட்டாலும் மூணு நாளெல்லாம் பத்தாது. பழைய கட்டடம். பத்து நாளாவது தேக்கி வெச்சிப் பாக்கணும். லாரியச் சொல்லி தெனம் கோடு வரைக்கும் ரொப்பிக்கினே இருக்கணும்."

சிபி சாரு என் கையப் புடிச்சி குலுக்குனாரு. "தப்ப ஒத்துக்குற முதல் மேஸ்திரிய இப்பதான் பாக்கறேன்"னாரு. அந்தாளுக்கு கடைசி வரைக்கும் ஒண்ணும் தெரியாதும்மா. பாவம், படிச்சவரு.

அப்பறம் இன்னா, கம்பெனிக்காரனுங்க வந்தானுங்க. வெள்ள சட்ட, லேப்டாப்பு, கைக்கு உற. போட்டானுங்க. தேக்குனானுங்க. ஒரு விரக்கடை எறங்குச்சு! ஐயோ, அவனுங்க மூஞ்சியப் பாக்கணுமே! நான் எதிர் டீக்கடைல நின்னு பாத்தேன். மெஷினெல்லாம் வெச்சி தளத்த ஸ்கேன் பண்ணானுங்க. பன்னெண்டாம் நாளு மழ வந்துது. நல்ல மழ. எங்க அடிபம்புலயே தண்ணி வந்துடுச்சு, யாருக்கும் மாடித் தண்ணி தேவைப்படல. தண்ணி கோட்டுலயே நின்னுது. கம்பெனிக்காரனுக்கு சர்ட்டிபிகேட்டு. மூணு பில்டிங்கும் அவனுக்கு. "ஏகாம்பரம் வேலயா, அது ஒழுகும்"னு புரசைவாக்கம் பூரா பேரு எனக்கு.

சுக்தேவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், பன்னு வெச்சி. எதுக்குன்னு கேட்டான். குடிடான்னேன்.

அம்சாவா? அன்னிக்கு வூட்டுக்குப் போனேன். அவளும் அத்தப் பத்தி பேசல, நானும் பேசல. இன்னி வரைக்கும் பேசல. சோறு போட்டுக்கினே கேட்டா, "டெஸ்ட்டு இன்னாச்சு?" "ஃபெயிலு"ன்னேன். "எத்தினி நாளு நீட்டிச்சிருக்காங்க?" "பத்து நாளு." அவ்ளோதான். எழுந்து போயி அடுப்பாண்ட நின்னா, முதுகு குலுங்குது. அழுவறாளா சிரிக்கறாளான்னு தெரியல. திரும்பி வந்தா தட்டுல ரெண்டு துண்டு வஞ்சிரம். குளிக்க ரெண்டு பக்கெட்டு தண்ணி வெச்சிருந்தா. ரெண்டும்மா!

தோ, அதுக்குத்தான் சொல்றேன். தண்ணி கொறஞ்சா, சொட்டுனா, உடனே பூச்சுக்காரன் மேல பழி போடக் கூடாது. உங்களுது பிளம்பர் வேலதான், நான் எழுதிக் கொடுக்கறேன். ஆனா பழகன எடம், நான் வந்து அடச்சிக் கொடுத்துடறேன். இன்னிக்கே அடைக்க முடியாதும்மா. எங்கேர்ந்து வருதுன்னு பாக்கணும்ல. ஒரு வாரமாவது சொட்டட்டும். அவசரப்பட்டா வேல கெட்டுடும்.

இந்த நாற்காலிய நிமுத்துங்க, எழுந்துக்கறேன். ஐய, பக்கெட்டு ரொம்பிடுச்சு பாருங்க. கொட்டாதீங்க, கொட்டாதீங்க! தொட்டித் தண்ணி, சுத்தமா கீது. எங்க பிளாக்குக்கு மூணு நாளா லாரி வரல. மூடி போட்ட கேனு ஏதாவது வெச்சிருக்கீங்களா? நாளையிலேர்ந்து நீங்க ஒண்ணும் சிரமப்பட வேணாம். மத்தியானம் எங்க வூட்டம்மா வருவா, கூடையோட. பக்கெட்ட மட்டும் மாத்தி வெச்சிட்டுப் போவா.